ஒரு கைப்பிடி உயரம்

மில்ட்ரெட் டீச்சருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே நடந்துபோனாலும் காலடியில் சரளைக்கல் தென்பட்டால் குனிந்து எடுத்துவிடுவார். பள்ளிக்கூட மைதானத்தில் எடுத்தால் யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. அவரோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் பாதிரியார் மனைவி ஐயரம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே குனிவார். கல்யாண வீட்டுப் பந்தலில் குனிவார். பூனா கேம்ப் பகுதியில், பேக்கரி வாசலில் ரொட்டிக்கு நிற்கும்போதும் குனிவார். எடுத்த கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். வீட்டுக்கு வந்ததும் அவை ஜன்னலோரம் இருந்த அலுமினியச் சட்டிக்குள் விழும். சட்டி நிறைந்தால் கணவர் டக்ளஸ் அதைத் தூக்கிக்கொண்டு போய் பின்னால் ஓடும் சாக்கடை நாலாவில் கொட்டிவிட்டு வருவார்.

"என்ன மில்லி, இந்த வாரம் விளைச்சல் கம்மி?" என்பார் டக்ளஸ்.

"மழை பெய்யட்டும், நிறைய வரும்" என்பார் டீச்சர், சிரிக்காமல்.

அவர் கேம்பில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் என்றாலும் பிறந்தது, படித்தது, கல்யாணம் முடித்தது எல்லாம் பூனாவில்தான். இளவயதில் மாநில அணிக்கு ஹாக்கி ஆடியவர். அதற்கு மேலே போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், "அந்தக் காலத்துல யாரு கூப்பிட்டா?" என்று முடித்துக்கொள்வார். பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளைத் திரட்டி ஹாக்கி சொல்லித்தருவதுதான் எழுபதுகள் முழுக்க அவருடைய வேலையாக இருந்தது. வேலை என்பதைவிட, அதுதான் அவர் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்த மைதானத்தில் புல் கிடையாது. சிவந்த சரளை மண். பயிற்சி தொடங்குமுன் பிள்ளைகள் எல்லாரும் ஒரு கோல்கம்பத்துக்கு அருகே வரிசையாக நிற்க வேண்டும். குனிந்தபடி கல் பொறுக்கிக்கொண்டே மறு கோல்கம்பம் வரை நடக்க வேண்டும். மைதானத்தில் கால் வைக்கிற எவருக்கும் இதில் விலக்கு இல்லை. ஒருமுறை பரிசளிக்க வந்த கர்னலின் மனைவியைக்கூட டீச்சர் வரிசையில் நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை உண்டு. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கங்கட் மிஸ்', அதாவது சரளைக்கல் டீச்சர்.

எத்தனை பொறுக்கினாலும் கல் தீராது. அந்தத் தரையில் பந்து உருண்டு வராது, குதித்துக் குதித்து வரும். மட்டையைத் தரையோடு வைத்துக் காத்திருந்தால், வந்த பந்து கடைசி நொடியில் எகிறி முழங்காலைப் பதம் பார்க்கும். இதற்கு டீச்சர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மட்டையைத் தரையிலிருந்து ஒரு கைப்பிடி உயரத்தில் நிறுத்த வேண்டும். பந்து எகிறும்போது அதன் தலையில் மட்டையை இறக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் டீச்சர் குந்தி உட்கார்ந்து, தன் கையை மூடி மட்டைக்கும் தரைக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பார். இடிக்கவும் கூடாது, இடைவெளி விழவும் கூடாது. பந்து பட்டுப் பட்டு அந்தக் கையின் முட்டிகள் காய்த்துக் கறுத்திருந்தன. பூனாவின் மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கங்கட் மிஸ்ஸின் பிள்ளைகள் வருடா வருடம் கோப்பையோடு திரும்பினார்கள். அந்த ஒரு கைப்பிடி உயரத்தைச் சந்தேகப்பட டீச்சருக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

பவுன் அவரிடம் வந்தபோது ஆறாம் வகுப்பு. பூனாவை ஒட்டிய கிர்க்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி மாடசாமியின் மகள். கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, சண்டைக்கு ஹிந்தி என்று வளர்ந்தவள். நெட்டையான பிள்ளை, நீண்ட கைகள். பந்து எங்கே குதிக்கும் என்று அவளுடைய மட்டைக்கு முன்னமே தெரிந்திருந்தது. டீச்சர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தது முதல் வாரத்தில் மட்டும்தான். அதன் பிறகு தேவைப்படவில்லை.

"ஏட்டி பவுனு, உன் மட்டை மட்டும் என்னத்தத் தின்னுது?"

"உங்க திட்டைத்தான் டீச்சர். தினமும் பேட் பர்கே, வயிறு முட்ட."

எண்பத்திரண்டில் டில்லியில் ஏஷியாட் நடந்தது. பெண்கள் ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. அதன் பிறகு ரயில்வேயில் ஹாக்கி ஆடும் பெண்பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்ற பேச்சு கிர்க்கிக் குவார்ட்டர்ஸ் வரை வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் பவுன் மாநில ஜூனியர் அணியில் இடம் பிடித்தாள். அதற்கும் அடுத்த படியாக, டில்லியில் நடக்கும் இந்திய ஜூனியர் தேர்வுக்கு அவளை அழைத்தார்கள். எண்பத்துநாலு பிப்ரவரியில் தேர்வு. ரயில்வேக்காரர்களும் வந்து பார்ப்பார்கள் என்றார்கள்.

மாடசாமியும் அவர் மனைவி பார்வதியும் ஒரு ஞாயிறு மத்தியானம் டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார் மாடசாமி.

"டீச்சரம்மா, ஒளிக்காமச் சொல்லுங்க. பிள்ளைக்கு ரயில்வேயில கெடச்சிருமா?"

"டில்லியில ஆடிக் காட்டிட்டான்னா கெடச்சிரும்."

"ஆடிக் காட்டிருவாளா?"

"அவளுக்கு என்ன கொறை?"

பார்வதி குறுக்கே புகுந்தார். "ஜூனோட இவுக வேல முடிஞ்சிரும் டீச்சரம்மா. குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும். சின்னதுக ரெண்டுக்கும் தமிழு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. ஊருல கொண்டுபோயி எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கச் சொல்லுதீக? இவளுக்கு வேல கெடச்சா, ரயில்வே வீடு ஒண்ணு தருவாகன்னு சொல்றாக. இங்கயே இருந்துக்கிடலாம்."

"ஊருக்குப் போன வருசம் போனப்பவே, 'ஏ மராட்டி'ன்னுதான் சின்னவனைக் கூப்பிட்டானுக" என்றார் மாடசாமி. சிரித்தார். பார்வதி சிரிக்கவில்லை.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மில்ட்ரெட் டீச்சர். சாதாரணமாகத்தான் சொன்னார். பருப்பு வெந்துவிடும் என்று சொல்கிற மாதிரி.

டில்லியில் ஆடவேண்டியது சரளை மைதானத்தில் அல்ல, ஏஷியாட்டுக்காகப் போட்ட புதுச் செயற்கைத் தரையில் என்பது டீச்சருக்குத் தெரியும். அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். பூனாவில் அப்படி ஒன்று கிடையாது. பார்த்தவர்களும் அவருக்குத் தெரிந்து யாருமில்லை. ஏஷியாட் ஆட்டங்களை மாடி வீட்டு சுந்தரராமன் வீட்டு டெலிவிஷனில் பார்த்திருந்தார். கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஆட்கள் ஓடுவது தெரிந்தது, மட்டை வீசுவது தெரிந்தது, பந்து மட்டும் தெரியவேயில்லை.

"ஏதோ ஜமக்காளம் விரிச்ச மாதிரி இருக்குமாம் டீச்சர். பச்சைக் கலர்ல" என்று சுந்தரராமன் அப்போது சொல்லியிருந்தார்.

பச்சை. ஜமக்காளம். டீச்சர் யோசித்துப் பார்த்தார். ஜமக்காளத்தின் மேல் பந்தை உருட்டினால் என்ன ஆகும்? மெதுவாகப் போகும். புல்லில் போகிற மாதிரி. அப்படியானால் பிள்ளைக்குப் பழக வேண்டியது புல்தரை. பந்துக்காகக் கொஞ்சம் பொறுத்து நிற்கப் பழக வேண்டும், அடியில் பலம் கூட்ட வேண்டும்.

டக்ளஸ் ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை பார்த்தார். அங்கே யார் யாரையோ பிடித்து, கேம்பில் அதிகாரிகள் மெஸ் ஒன்றின் புல்வெளியில் காலை நேரத்தில் மட்டும் பயிற்சி செய்ய அனுமதி வாங்கித் தந்தார். வாங்கித் தந்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்டார்.

"ஏன் மில்லி, ஏஷியாட் பைனல்ல நம்ம பையங்களுக்குப் பாகிஸ்தான்காரன் ஏழு கோல் போட்டானே. அந்த ஏழும் மெதுவாவா போச்சு?"

"நீங்க உங்க ஆபீஸ் பைலப் பாருங்க."

அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது சுலபம். வாங்கியிருந்தாலும் டீச்சர் வேறு எங்கே கொண்டுபோய்ப் பழக்கியிருப்பார்? பூனாவில் இருந்தது சரளை. மிஞ்சினால் புல்.

ஜனவரி முழுக்கப் பவுன் கிர்க்கியிலிருந்து சைக்கிளில் வந்தாள். பனியில் நனைந்த புல்லில் பந்து சோம்பேறித்தனமாக வந்தது. அவள் ஒரு கைப்பிடி உயரத்தில் மட்டையை நிறுத்தி, பொறுத்து, இறக்கினாள். ஒரு பந்துகூடத் தப்பவில்லை.

"பஹுத் ஆராம் ஸே, மெல்ல மெல்ல வருது டீச்சர். டில்லியும் இப்படித்தான்னா நான் தூங்கிக்கிட்டே ஆடுவேன்."

"தூங்கு தூங்கு. வேலை கெடச்ச பொறவு தூங்கு."

டில்லிக்கு டீச்சர்தான் கூட்டிக்கொண்டு போனார். தேர்வு நாளன்று காலையில் மைதானத்துக்குள் நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம் குனிந்தது. எடுக்க எதுவும் இல்லை. கையால் தடவிப் பார்த்தார். சொரசொரப்பாக, இறுக்கமாக, ஈரமாக இருந்தது. ஓர் ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு தரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். செடி இல்லாத இடத்தில் எதற்குத் தண்ணீர் என்று டீச்சருக்கு விளங்கவில்லை.

யாரோ ஒரு பஞ்சாபிப் பெண் விளையாட்டாக ஒரு பந்தைத் தட்டினாள். அது கோடு கிழித்த மாதிரி தரையை ஒட்டிப் போய் எதிர்க் கம்பியில் மோதியது. சத்தம் வந்த பிறகுதான் டீச்சர் பந்தையே பார்த்தார்.

திரும்பிப் பவுனைத் தேடினார். அவள் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தாள். பயிற்சியாளர்கள் கம்பித் தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று ஒருவர் வந்து சொன்னார்.

முதல் பந்து பவுனிடம் வந்தது. அவள் மட்டையை ஒரு கைப்பிடி உயரத்தில் நிறுத்தினாள். அழகாக நிறுத்தினாள். பந்து எகிறுவதற்காகக் காத்திருந்தாள். பந்து எகிறவில்லை. மட்டைக்கு அடியில் புகுந்து போய்விட்டது. அவள் மட்டையை இறக்கியபோது பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது.

இரண்டாவது பந்தும் அப்படியே. அதற்கடுத்தது காலில் பட்டது. பிறகு வந்தது மறுபடி அடியில் போனது.

"கீழ வையிட்டி! தரையில வையி!" என்று கத்தினார் டீச்சர். அந்த மைதானத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். பவுனுக்குக் கேட்டது. மட்டையைத் தரையோடு வைத்தாள். ஆனால் பந்து வருகிற நொடியில் அவள் கை தானாக மேலே எழும்பியது. ஏழு வருடமாக அவள் மட்டைக்கு அடியில் ஒரு மூடிய கை இருந்திருக்கிறது; அது இல்லை என்று அவள் கைகளுக்கு அன்று ஒரு காலையில் எப்படிச் சொல்வது? டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதைச் சொன்னாலும் அது இன்னும் கெடுக்கும் என்று தெரிந்தது. சொல்லாமல் இருப்பதும் கெடுத்துக்கொண்டிருந்தது. கான்வாஸ் ஷூ ஈரத்தில் வழுக்கிப் பவுன் ஒருமுறை விழுந்தாள். பாதி ஆட்டத்திலேயே வெளியே வரச் சொல்லிவிட்டார்கள்.

தேர்வுக் குழுவில் இருந்த ஓர் அம்மாள் போகிற போக்கில் பவுனின் தோளைத் தட்டினார். "லட்கி அச்சி ஹை. பஸ், டர் கயி" என்றார் டீச்சரைப் பார்த்து. நல்ல பிள்ளைதான், பயந்துவிட்டாள், அவ்வளவுதான். டீச்சர் வாயைத் திறக்குமுன் அவர் அடுத்த ஆட்டத்துக்கு நகர்ந்துவிட்டார். ரயில்வேக்காரரும் அவர் பின்னாலேயே போனார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது மைதானம் காலியாக இருந்தது. டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். காவல்காரன் ஏதோ சொல்ல வந்து, வயசான பொம்பளை என்று விட்டுவிட்டான்.

"பவுனு, எனக்கு ஒரு பந்து அடி."

"வேணாம் டீச்சர்."

"அடிட்டி."

பவுன் அடித்தாள். டீச்சர் மட்டையை நிறுத்திய உயரம் அவருக்கே தெரியாமல் அமைந்தது. பந்து அடியில் போனது. இன்னொன்று அடிக்கச் சொன்னார். இந்த முறை தரையோடு வைப்பதென்று முடிவு செய்துதான் நின்றார். கை எழும்பியது. பந்து போனது.

திரும்பிப் பார்த்தபோது பவுன் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காக வேணும்னே விட்டீங்கதானே டீச்சர்? எனக்குத் தெரியும். நீங்க பந்து விட்டு நான் பார்த்ததே இல்ல."

டீச்சர் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். இல்லை, நான் சொல்லித்தந்ததுதான் தப்பு, உன் பயம் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தில் அப்போது மிஞ்சியிருந்தது டீச்சர் மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு பூனா வரைக்கும் வருவாள் என்று ஒரு நினைப்பு. கூடவே, அதற்கு அடியில், தனக்காகவே பட்ட ஒரு பயமும் இருந்தது. இரண்டில் எது வாயை அடைத்தது என்று டீச்சருக்கே பிறகும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"வா, சாப்பிடுவோம்" என்றார்.

மாடசாமி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க என்ன செய்வீக டீச்சரம்மா? தலவிதி அப்படி. பிள்ள மெரண்டு போயிட்டா" என்றார். பார்வதி மறுபடியும் ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்திருந்தார். ஜூன் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அண்டா குண்டா, சைக்கிள், சின்னதுகளின் மராத்திப் புத்தகங்கள் எல்லாவற்றோடும் அவர்கள் ரயில் ஏறினார்கள். டீச்சர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். பவுன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அடுத்த டைம் பயப்பட மாட்டேன் டீச்சர்" என்றாள். அடுத்த முறை என்று ஒன்று இல்லை என்பது இருவருக்கும் தெரியும். டீச்சர் அந்தக் கையைப் பிடித்தார். வண்டி நகரும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை நின்றதும் அவர் புதுப் பிள்ளைகளுக்கு மட்டையைத் தரையில் வைக்கச் சொல்லித்தந்தார். சரளையில் பந்து எகிறி ஒருத்தியின் பல் உடைந்தது. இன்னொருத்தியின் தாய் வந்து சண்டை பிடித்தாள். பள்ளிக்கூடம் முதல் சுற்றிலேயே தோற்றது. அடுத்த வருடம் மறுபடி கைப்பிடி உயரத்துக்கே போனார். கோப்பை திரும்பி வந்தது. தலைமையாசிரியை பாராட்டினார். ஆனால் குந்தி உட்கார்ந்து மட்டைக்கு அடியில் கையை வைக்கும்போதெல்லாம் டீச்சர் பிள்ளைகளின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார். இங்கே ஜெயிக்கச் சொல்லித்தந்தால் அங்கே தோற்பார்கள். அங்கே ஜெயிக்கச் சொல்லித்தர இங்கே தரை இல்லை.

எண்பத்தேழில் பென்ஷன் விஷயமாக மாடசாமி பூனா வந்தார். நேரே டீச்சர் வீட்டுக்கு வந்தார். முன்னைவிட இளைத்திருந்தார், பேச்சில் மட்டும் தெம்பு இருந்தது.

"பவுனு தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா. கல்யாணம் ஆயிருச்சு, ஒரு பயலும் இருக்கான். சின்னவனும் தீப்பெட்டிக்குத்தான் போறான், படிப்பு ஓடல. ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா பவுனு பொட்டப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிருவா. எங்க ஊருல ஹாக்கின்னா உசுரு, தெரியும்லா? உங்க பேரச் சொல்லித்தான் சொல்லிக்குடுக்கா."

"என்ன சொல்லிக்குடுக்கா?"

"மொதல்ல கல்லு பெறக்கச் சொல்லுவா." மாடசாமி சிரித்தார். "பெறகு கைய மூடி வச்சுக் காட்டுவா, நீங்க காட்டுன மாதிரி. பெறகு டில்லிக் கதையச் சொல்லுவா. 'நான் அன்னைக்குப் பயந்தேன், கெட்டேன், நீங்க பயப்படாதீக'ம்பா. 'என் டீச்சரு எனக்காவ வேணும்னே பந்த விட்டாக, அப்பேர்ப்பட்ட மனசு'ம்பா. சொல்லும்போதே கண்ணு கலங்கிரும்."

டீச்சர் உள்ளே எழுந்துபோனார். காப்பி போடத்தான் போனார் என்று மாடசாமி நினைத்தார். வெகுநேரம் ஆகியும் வராததால் டக்ளஸ்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த வருடம் மே மாதம் பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வழியில் கோவில்பட்டி. டீச்சர் புறப்படும்போதே டக்ளஸிடம் சொல்லியிருந்தார், "நான் கோவில்பட்டியில எறங்கணும். நீங்க சாமானோட போங்க, நான் சாயங்காலம் வந்து சேருதேன்." எதற்கு என்று டக்ளஸ் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

வண்டி நின்றபோது டீச்சர் கைப்பையோடு வாசலில்தான் நின்றார். பிளாட்பாரத்தில் முறுக்கு விற்றுக்கொண்டு போனார்கள். இறங்கிப் போய் என்ன சொல்வது? உன்னுடைய பயம் இல்லை, என் தப்பு என்று சொன்னால் அவள் அத்தனை வருடம் சுமந்தது இறங்கிவிடுமா? இல்லை, யாருக்காக அதைச் சுமந்தோம் என்ற கேள்வி ஏறிக்கொள்ளுமா? மகள் வீடு மாதிரி நினைத்துப் போய் உட்கார்ந்து, அவள் பிள்ளையை மடியில் வாங்கி, காப்பி குடித்துவிட்டு, எந்த இடத்தில் இதை எடுத்து வைப்பது? கைப்பிடிக் கம்பி வெயிலில் சுட்டது. வண்டி அசைந்தது. டக்ளஸ் அவர் தோளைத் தொட்டு, "உள்ள வா மில்லி" என்றார்.

"திரும்பி வரும்போது எறங்கிக்கிடுதேன்."

திரும்பி வரும்போதும் இறங்கவில்லை. மறு வருடம் மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்குப் பழைய மாணவிகள் நிறையப் பேர் வந்தார்கள். ஜன்னலோரச் சட்டி பாதி நிறைந்திருந்தது. டக்ளஸ் அதைக் கொட்டவில்லை.

சாவுச் செய்தி கோவில்பட்டிக்குப் போனது. அன்று சாயங்காலம் பவுன் பிள்ளைகளை ஆட விடவில்லை. வரிசையாக நிறுத்திக் கல் மட்டும் பொறுக்க வைத்தாள். பிறகு உட்காரவைத்து, தான் டில்லியில் பயந்துபோன கதையை மறுபடியும் சொன்னாள். இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.